திறந்த கதவும் திரும்பாத சாவியும்

சிவன் கோயிலில் வலம் வந்து முடிக்கும்போது சண்டேசுவரர் எதிரில் நின்று இரண்டு உள்ளங்கைகளையும் லேசாகத் துடைத்துக் காட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். சிலர் கை தட்டுவார்கள். தியானத்தில் இருப்பவரைத் தட்டி எழுப்ப வேண்டுமாம். எனக்குச் சிறுவயதில் சொல்லித்தந்தது வேறு. "உங்க சாமி சொத்துல ஒண்ணையும் எடுத்துக்கிட்டுப் போகலை, கை காலி, பாத்துக்குங்க." அவர் கோயிலின் கணக்குப்பிள்ளை. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் நிலத்தை வாங்குவது, விற்பது, குத்தகைக்கு விடுவது எல்லாம் ஆதிசண்டேசுவரர் பெயரில்தான் நடக்கின்றன. சிவனுக்கு என்று எதுவும் வேண்டாம். அவர் பெயரில் இருப்பதைப் பார்த்துக்கொள்ள ஓர் அடியார் வேண்டும். பூசைக்கு இடையூறு செய்த தகப்பனின் காலையே வெட்டியவர் என்று பெரியபுராணம் சொல்கிற ஆளிடம் கணக்கு ஒப்படைப்பதென்றால் கொஞ்சம் உதறல் இருக்கத்தான் செய்யும்.

இன்று அந்தக் கணக்கைத் தமிழ்நாடு அரசின் இந்து சமய அறநிலையத் துறை பார்க்கிறது. 36,000க்கும் மேற்பட்ட கோயில்கள், சுமார் 4.78 லட்சம் ஏக்கர் நிலம், அத்தனைக்கும் ஆணையரிலிருந்து ஆய்வர்வரை ஒரு நீண்ட வரிசை. எந்தச் சமயமும் தனதில்லை என்று சொல்லும் அரசு, கடவுளின் சொத்துக்குக் காவலாக நிற்கலாமா? இந்தக் கேள்விக்கு முற்போக்காளர்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. என்னைப் போன்ற பழமைவாதிகளிடமும் ஒன்று தயாராக இருக்கிறது. இரண்டும் மேடையில் கைதட்டல் வாங்கும். ஊருக்குள் கொண்டுவந்தால் இரண்டுமே தடுமாறும்.

ஊர் என்றால் என் ஊரையே சொல்கிறேன். திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். பிழைப்புக்கு வங்கி உத்தியோகம். ஓய்வு பெற்றபின் திரும்பி வந்துவிட்டேன். என் தாத்தா எங்கள் ஊர்ச் சிவன் கோயிலுக்குப் பரம்பரை அறங்காவலர். எனவே நான் துறையைக் குறை சொன்னால், கைவிட்டுப் போன சாவிக்காகப் பேரன் புலம்புகிறான் என்று யாருக்கும் தோன்றும். தோன்றட்டும். தாத்தாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவர் கணக்கு எழுதியவரில்லை. நெல் அளந்தது, எண்ணெய் வாங்கியது, மேளக்காரருக்குக் கொடுத்தது எல்லாம் மனக்கணக்கு. திருடியிருக்க மாட்டார் என்று நம்புகிறேன். அதற்குமேல் சொல்ல என்னிடம் தாள் இல்லை. கோயில் நெல்லும் வீட்டு நெல்லும் ஒரே குதிரில்தான் கிடந்தன என்று பாட்டியே சொல்லியிருக்கிறாள். காலனித் தெருக்காரர்கள் அவர் காலத்தில் தேரடியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. இதெல்லாம் ஒரு பக்கம். மறுபக்கம், வெள்ளாமை பொய்த்த வருஷத்தில்கூட அர்த்தசாமப் பூசை நின்றதில்லை என்பதும் உண்மை. பாட்டியின் காசுமாலை அடகுக்குப் போய்த் திரும்பாத கதையும் அந்த வருஷத்ததுதான்.

முற்போக்கு அரசியல் கோயில் கதவைத் திறந்துவிட்டது. அதில் எனக்குச் சண்டை கிடையாது. திறந்தவர்கள் சாவியைத் திருப்பித் தரவில்லை. என் சண்டை அங்கேதான்.

நாத்திகர்கள் கோயிலைப் பிடித்துக்கொண்டார்கள் என்று எங்கள் ஆட்கள் சொல்வது வரலாறு அல்ல. பிடித்தது முதலில் கிழக்கிந்தியக் கும்பினியார். 1817இல் சென்னை மாகாணத்தில் ஏழாம் ஒழுங்குச் சட்டத்தைக் கொண்டுவந்து, கோயில் சொத்துகளை வருவாய் வாரியமும் கலெக்டர்களும் மேற்பார்வை செய்யும்படி ஆக்கினார்கள். கிறிஸ்தவ அரசாங்கம் விக்கிரக ஆராதனைக்குத் துணைபோவதா என்று பாதிரிமார்கள் கூச்சல் போட்டபின் கம்பெனி மெல்லக் கையைக் கழுவிக்கொண்டது. 1863ஆம் ஆண்டுச் சட்டம் பொறுப்பை அறங்காவலர்களிடமும் உள்ளூர்க் கமிட்டிகளிடமும் தள்ளிவிட்டது. கமிட்டி உறுப்பினர் பதவி ஆயுசு முழுக்க. கேட்பாரில்லை. அந்த அறுபது ஆண்டுகளில் கோயில் நிலங்கள் எப்படிக் கைமாறின என்பதற்குப் பழைய வழக்குத் தீர்ப்புத் தொகுதிகளே சாட்சி. அறங்காவலர்கள் எல்லாரும் திருநீறு பூசியவர்கள், நாமம் இட்டவர்கள். சிவன் சொத்து குலநாசம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்தவர்களும் அவர்களே. பயபக்தி இருந்தால் போதும், கணக்கு வேண்டாம் என்று எந்தப் பழமைவாதியாவது சொன்னால், அந்தத் தொகுதிகளில் ஒன்றை அவர் மடியில் வைக்க வேண்டும்.

1925இல் நீதிக்கட்சி அரசு இந்து அறநிலையச் சட்டத்தைக் கொண்டுவந்தது. முதலமைச்சர் பனகல் அரசர் ஜமீன்தார், சமஸ்கிருதம் கற்றவர். அவரை நாத்திகர் பட்டியலில் சேர்க்க முடியாது. இன்று நடைமுறையில் இருக்கும் 1959ஆம் ஆண்டுச் சட்டமும் காமராஜரின் காங்கிரஸ் ஆட்சியில் வந்தது. ஆகவே இதைத் திராவிட இயக்கத்தின் தலையில் மட்டும் கட்டுவது சோம்பேறித்தனம்.

1925 என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அதே ஆண்டு, அதே வெள்ளையர் ஆட்சியில், பஞ்சாபில் சீக்கிய குருத்வாராச் சட்டம் நிறைவேறியது. அங்கும் இதே நோய். மகந்துகள் எனப்பட்ட பொறுப்பாளர்கள் குருத்வாராச் சொத்தைத் தங்கள் வீட்டுச் சொத்தாக அனுபவித்தார்கள். சீக்கியர்கள் அகாலிப் போராட்டம் நடத்தினார்கள், அடி வாங்கினார்கள், சிறை சென்றார்கள், உயிரும் விட்டார்கள். கடைசியில் அரசு குருத்வாராக்களைச் சீக்கியர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் அமைப்பிடம் ஒப்படைத்தது. பெண்களுக்கும் ஓட்டு. சென்னையில் நாம் பெற்றது அரசு நியமிக்கும் வாரியம். ஒரே நோய்க்கு இரண்டு மருந்து. நாம் ஏன் பஞ்சாபின் மருந்தைக் கேட்கவில்லை? கேட்டிருந்தால் ஓட்டு யாருக்கு என்ற கேள்வி வந்திருக்கும். தேரடியைத் தாண்டக் கூடாதவனுக்கும் ஓட்டா என்று நம் முன்னோர் பதறியிருப்பார்கள். அவனுக்குச் சமமாக உட்கார்ந்து ஓட்டுப் போடுவதைவிட, கலெக்டர் ஆபீசிடம் ஒப்படைத்துவிடுவது அவர்களுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். இது என் ஊகம். தாத்தாவை அறிந்தவன் என்ற முறையில் அவ்வளவு தப்பான ஊகமாக எனக்குப் படவில்லை.

கதவு திறந்த கதைக்கு வருகிறேன். கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் 1897இல் நாடார்கள் நுழைந்தார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. 1908இல் தீர்ப்பு நாடார்களுக்கு எதிராக வந்தது. வழக்கம் அப்படி, வழக்கத்தைக் காப்பதே நீதி. என் பக்கத்து வாதம் முழு வெற்றி பெற்ற வழக்கு அது. அந்த வெற்றியை இன்று சொல்லிக்கொள்ள எந்தப் பழமைவாதிக்கும் வாய் வராது. மதுரையில் 1939 ஜூலை 8ஆம் தேதி அ. வைத்தியநாதய்யர், உள்ளே விடப்படாத சாதிகளைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்டவர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போனார். ராஜாஜி அரசு அவசரச் சட்டம் போட்டு அவர்கள்மேல் வழக்கு வராமல் காப்பாற்றியது. எதிர்த்தவர்கள் அம்மனே அங்கிருந்து போய்விட்டாள் என்று சொல்லி வேறிடத்தில் வழிபாடு தொடங்கினார்கள். அம்மன் எங்கும் போகவில்லை என்பது மதுரைக்காரர்களுக்குத் தெரியும்.

அந்த நாளில் எனக்குப் பிடித்தது அதன் வரிசை. வைத்தியநாதய்யர் நித்திய அனுஷ்டானம் விடாதவர். பக்தர் ஒருவர் முதலில் நடந்தார். சட்டம் அவருக்குப் பின்னால் வந்து நின்றது. 1947இல் சட்டம் மாகாணம் முழுக்கக் கதவைத் திறந்தபோது, பெரும்பாலான ஊர்களில் முன்னால் நடக்க ஒரு வைத்தியநாதய்யர் இல்லை. எங்கள் ஊரில் இல்லை. அரசுதான் முன்னால் நடக்க வேண்டியிருந்தது. நாங்கள் செய்யாததை அரசு செய்தது என்பதை ஒப்புக்கொள்ளாமல் எங்களுக்கு அரசைக் குறை சொல்லும் யோக்கியதை வராது.

ஆனால் கதவு வேறு, கருவூலம் வேறு. யார் உள்ளே வரலாம் என்பது மனிதருக்கும் மனிதருக்கும் இடையிலான நியாயம். அதில் அரசுக்கு வேலை உண்டு. தேங்காய்க்கும் எண்ணெய்க்கும் எவ்வளவு, நிலத்தை யாருக்குக் குத்தகை விடுவது, கோபுரத்துச் செடியை எப்போது பிடுங்குவது என்பவை அப்படியல்ல. 1954இல் சிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கோட்டைப் போட முயன்றது. 1951ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் பல பிரிவுகளை ரத்து செய்தது. கோயில்களிடமும் மடங்களிடமும் வாங்கும் பங்களிப்பை வரி என்று சொல்லி அதையும் நிறுத்தியது. அரசு சட்டத்தைத் திருத்தி, வரியைக் கட்டணமாக்கித் தனி நிதியில் போட்டது. இன்று வருமானமுள்ள கோயில்கள் நிர்வாகத்துக்கு 12 விழுக்காடுவரையும் தணிக்கைக்கு 4 விழுக்காடுவரையும் செலுத்துகின்றன. காவல்காரன் சம்பளத்தைக் காக்கப்படுபவரே கொடுக்கிறார். காவல் வேண்டாம் என்று மட்டும் அவர் சொல்ல முடியாது.

இன்றைய சட்டம் வந்த 1959, ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய ஆண்டும்கூட. பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்று அவர் கேலி செய்தது தொழிற்சாலைகளையும் சிமெண்டு மூட்டைகளையும் மனத்தில் வைத்து. அவர் சொல்லாத இடத்தில் அதைப் பொருத்திப் பார்க்கிறேன், பொருந்துகிறது. நன்கொடையாளர் ஒருவர் எங்கள் கோயில் மடைப்பள்ளிக்கு ஓடு மாற்றித் தரத் தயாராக இருந்தார். மனு, மதிப்பீடு, வல்லுநர் குழு ஒப்புதல் என்று கோப்பு சுற்றி வருவதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விட்டது. ஓடு மொத்தமும் சரிந்தது. இந்தக் குழுக்களையும் நான் முழுசாகத் திட்ட மாட்டேன். பக்கத்து ஊரில் கேட்பாரில்லாமல் திருப்பணி செய்தவர்கள் கருங்கல் சுவரில் மணல் வீச்சு அடித்துக் கல்வெட்டைத் தேய்த்துவிட்டார்கள். தரைக்கு வழவழ கிரானைட். உபயதாரர் பெயர் மட்டும் இனி ஆயிரம் வருஷத்துக்கு நிற்கும்.

இப்போது தத்துவக் கேள்வி. கடவுளுக்குச் சொத்து உண்டா? உண்டு என்றுதானே இவ்வளவு சட்டமும் என்று நினைப்போம். வைதிகத்தின் கறாரான வாத்தியார்களான மீமாம்சகர்கள் இல்லை என்கிறார்கள். ஜைமினி சூத்திரத்துக்கு உரை எழுதிய சபரர் கேட்பது இதுதான்: ஒருவன் தன் இஷ்டப்படி எதைப் பயன்படுத்த முடியுமோ அது அவன் சொத்து, தேவதை எந்த ஊரை, எந்த வயலைத் தன் இஷ்டப்படி பயன்படுத்துகிறது? தேவதையின் ஊர் என்பது பேச்சுக்குச் சொல்வது. அந்தப் பெயரில் பிழைப்பவர்கள் பரிசாரகர்கள். பகுத்தறிவுப் பத்திரிகை ஒன்றில் வந்திருக்க வேண்டிய வரி, வைதிக உரையில் கிடக்கிறது!

மாறாக, கடவுளுக்குச் சொத்துரிமை உண்டு என்று அடித்துச் சொன்னது வெள்ளைக்காரன் நீதிமன்றம். அதே 1925இல் கல்கத்தா மல்லிக் குடும்ப வழக்கில் பிரிவி கவுன்சில், விக்கிரகம் இஷ்டத்துக்குத் தூக்கிப்போகும் தட்டுமுட்டுச் சாமான் அல்ல, சட்டத்தின் கண்ணில் ஒரு நபர் என்றது. இது எங்கள் மாவட்டத்துக்கு நேரடியாகவே பலன் தந்தது. பத்தூரில் 1976இல் பூமிக்கடியிலிருந்து கிடைத்த நடராசர் கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தார். கனடா நாட்டு நிறுவனம் ஒன்று விலைகொடுத்து வாங்கிவிட்டிருந்தது. வழக்கில் இந்திய அரசும் தமிழ்நாடு அரசும் உரிமை கேட்டன. கூடவே பாழடைந்து கிடந்த பத்தூர்க் கோயிலும் அதன் சிவலிங்கமும் வழக்காடிகளாக நின்றன. 1988இல் கீழ் நீதிமன்றமும் 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கோயில் தன் நடராசரைக் கேட்கலாம் என்று ஒப்புக்கொண்டன. அவர் திரும்பி வந்தார். இடிந்த சுவரும் புல்லும் மட்டும் இருந்த கோயில், தேம்ஸ் நதிக்கரையில் போய் ஜெயித்தது. அந்த வழக்கை அரசு இல்லாமல் ஊர்க்காரர்கள் நடத்தியிருக்க முடியுமா? முடியாது. எழுதும்போதே என் கட்சி வலுவிழப்பது தெரிகிறது, இருந்தாலும் உள்ளது உள்ளபடி இருக்கட்டும்.

அதே சட்டக் கொள்கைக்கு ஒரு மறுபாதி உண்டு. கடவுள் நபர்தான், ஆனால் மைனர். தன் காரியத்தைத் தான் பார்த்துக்கொள்ள முடியாதவர், கார்டியன் வேண்டும். வங்கியில் மைனர் கணக்குகளோடு காலம் தள்ளியவன் நான். பதினெட்டு முடிந்த பிள்ளை கவுண்டருக்கு வந்து, இனி என் கையெழுத்து என்பான். சித்தப்பாவோ மாமனோ அதுவரை எடுத்ததற்குக் கணக்கு சொல்லியாக வேண்டும். அந்த நாள் வரும் என்ற நினைப்பே பாதி கார்டியன்களை யோக்கியமாக வைத்திருந்தது. இந்த மைனருக்கு வயது ஏறாது. அவருடைய கார்டியனுக்கு ஒப்படைக்கும் நாள் கிடையாது. இதை யாரும் சதி செய்து ஏற்படுத்தவில்லை. காவலுக்கு ஒரு முடிவு நாள் எழுதத் தவறிவிட்டார்கள்.

உச்ச நீதிமன்றம் 2014 ஜனவரியில் சிதம்பரம் நடராசர் கோயில் வழக்கில் இதைத்தான் தொட்டது. தீட்சிதர்களிடமிருந்து நிர்வாகத்தை அரசு எடுத்துக்கொண்டது செல்லாது என்றது. முறைகேட்டுக்காக நிர்வாகத்தை எடுத்தாலும் அது தற்காலிகம், கோளாறு சரியானதும் திருப்பித் தர வேண்டும் என்றது. தீட்சிதர்கள் தனிச் சமயப் பிரிவினர் என்பதால் அவர்களுக்குக் கிடைத்தது. எங்கள் ஊர்க் கோயிலைப் போன்றவற்றுக்கு அந்தத் தீர்ப்பு தூரத்து இடி முழக்கம்.

சோழர்கள் தலையிடவில்லையா என்று கேட்பார்கள். தலையிட்டார்கள். உத்தம சோழனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் ராசராசன் காலத்தில் ஊர் ஊராகப் போய்க் கோயில் கணக்குகளை விசாரித்தான், தப்பு செய்தவர்களைத் தண்டித்தான். விசாரித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனான். உண்டியல் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவில்லை. கோயில் பணத்தில் கல்லூரியா என்று எங்கள் ஆட்கள் 2021இல் துறை கொளத்தூரில் கல்லூரி தொடங்கியபோது கொதித்தார்கள். அந்தக் கொதிப்பில் எனக்குப் பங்கில்லை. திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராசேந்திரன் காலத்தில் பள்ளியும் பதினைந்து படுக்கை கொண்ட ஆதுலர் சாலை என்ற மருத்துவமனையும் நடந்தன என்று கல்வெட்டே சொல்கிறது. கோயில் பள்ளி நடத்தலாம். யார் முடிவு செய்தார்கள் என்பதே கேள்வி.

முற்போக்காளர்களிடம் எனக்கு உண்மையிலேயே புரியாத ஒன்று, கட்டண தரிசனம். சாதி பார்த்து நிறுத்திய இடத்தில் இன்று பெரிய கோயில்களில் 100 ரூபாய்ச் சீட்டு நிறுத்துகிறது. பொது வரிசை சுற்றிச் சுற்றி வந்து வெயிலில் நிற்க, சீட்டு வாங்கியவர் பக்கவாட்டில் நுழைகிறார். சமத்துவத்தின் பெயரால் கோயிலுக்குள் வந்த அரசு, காசுக்கு ஏற்ற தூரத்தில் கடவுளைக் காட்டுகிறது. இதை எதிர்த்து முற்போக்கு அணி போஸ்டர் ஒட்டி நான் பார்த்ததில்லை. எங்கள் அணியிலும் பலர் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள், அது வேறு விஷயம்.

அர்ச்சகர் நியமனத்தைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்காமல் விடமாட்டார்கள். 1970ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் பரம்பரை உரிமை போனது. 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம், நியமனம் உலகியல் காரியம், ஆனால் ஆகமத்தை மீறக் கூடாது என்றது. 2021இல் பல சாதிகளைச் சேர்ந்த பயிற்சி பெற்றவர்கள் பணி ஆணை பெற்றார்கள். பொதுக் கோயிலில் செய்யும் பரார்த்த பூசை ஆதிசைவருக்கே என்பது ஆகம மரபு. அந்த மரபை மதிக்கிறேன். அதே சமயம், மரபுக்குள்ளேயே தீட்சை பற்றி எவ்வளவு வாதம் நடந்திருக்கிறது என்பதும் தெரியும். அந்த வாதத்தை நடத்த வேண்டிய இடம் ஆதீனங்கள். அவர்கள் ஐம்பது வருஷத்துக்கு முன்பே பண்டிதர்களைக் கூட்டிவைத்து ஒரு முடிவு சொல்லியிருந்தால், ஆகமத்தை அரசு வக்கீல் வாசித்துப் பொருள் சொல்லும் நிலை வந்திருக்காது. அதற்குமேல் இந்த விஷயத்தில் என்னிடம் ஒன்றுமில்லை.

என்னை உண்மையில் உறுத்துவது வேறு. எங்கள் ஊரில் இரண்டு கோயில். சிவன் கோயில் துறையின் கையில். மாரியம்மன் கோயில் ஊரின் கையில். சிவன் கோயில் கோபுரத்தில் ஆலங்கன்று முளைத்து விரலளவிலிருந்து மணிக்கட்டு அளவாகிவிட்டது. ஏணி இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள். ஏனப்பா பிடுங்கக் கூடாது என்று ஒரு பையனைக் கேட்டேன். "அது கவர்மெண்ட் கோயில் சார். அவங்க பாத்துப்பாங்க." பத்து நாள் முன்னால் அதே பையன் மாரியம்மன் கோயில் பந்தலுக்கு ராத்திரி முழுக்க மூங்கில் சுமந்தவன். சிவன் கோயில் சோமாஸ்கந்தர் திருவாரூரில் சிலைப் பாதுகாப்பு மையத்தில் இருக்கிறார். பத்திரமாக இருக்கிறார், குறை சொல்ல முடியாது. ஊரில் வைத்தால் களவுபோகும் என்பதும் நிஜம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராசர் ஆஸ்திரேலியா அருங்காட்சியகம்வரை போய் 2014இல் திரும்பினாரே. ஆனால் உற்சவத்துக்கு மட்டும் போலீஸ் துணையோடு வந்து போகும் சாமியை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வெளியூர் விருந்தாளியைப் பார்ப்பதுபோல் எட்டி நின்று பார்க்கிறார்கள்.

மாரியம்மன் கோயிலில் தலைக்கட்டு வரி. குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர்க்கூட்டம் முடிவு செய்யும். திருவிழா முடிந்த மூன்றாம் நாள் ராத்திரி படுதா விரித்துக் கணக்கு வாசிப்பார்கள். பூ எவ்வளவு, மைக் செட்டுக்காரருக்கு எவ்வளவு, கரகாட்டத்துக்கு எவ்வளவு. "அறுபது முழம் பூவா? எண்ணிப் பாத்தியா?" என்று ஒரு கிழவி எழுவாள். நடுநிசி தாண்டியும் சண்டை நடக்கும். எந்தத் தணிக்கைத் துறையும் அந்தக் கிழவியின் கால் தூசு பெறாது என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். அரசு கோயிலை எடுத்துக்கொண்டபோது பணத்தை மட்டும் எடுத்துப்போகவில்லை, இந்தச் சண்டையையும் எடுத்துப்போய்விட்டது. அதிகாரி இந்துவாக இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. இருக்கிறார், நல்லவராகவும் இருக்கிறார். மூன்று வருஷத்தில் மாற்றலாகிப் போகிறவரை அந்தக் கிழவி எப்படிப் பிடித்து நிறுத்துவாள்?

இந்தப் படத்தை இதோடு நிறுத்தினால் எங்கள் அணி மகிழும். மாரியம்மன் வரி காலனித் தெருவில் வாங்கப்படுவதில்லை. பாவம் ஏழைகள், விட்டுவிட்டோம் என்பார்கள். வரி வாங்கினால் கணக்கு கேட்பார்கள், முதல் மரியாதை கேட்பார்கள் என்பதுதான் காரணம். அரசின் கை இல்லாத அந்தக் கோயிலில் சாதி அப்படியே குந்தியிருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதியினர் நுழைவதை ஊர் தடுத்து, 2023இல் கோயிலுக்கே சீல் வைக்கும்படி ஆனதை நாடே பார்த்தது. கோயில்களை விடுவி என்று முழங்குகிறவர்களிடம் நான் கேட்பது: யாரிடம் விடுவிக்க? என் தாத்தாவிடமா?

விடை சட்டத்துக்குள்ளேயே பாதி இருக்கிறது. பரம்பரை அல்லாத அறங்காவலர் குழு என்று ஒன்றை 1959ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதில் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் ஒருவரும் பெண் ஒருவரும் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நடப்பில் அந்தக் குழுவைப் போடாமல் வருஷக்கணக்கில் தக்கார் என்ற பெயரில் அதிகாரி ஒருவரே உட்கார்ந்திருப்பார். போட்டால் ஆளும் கட்சிக் கிளைச் செயலாளர் வருவார், எந்தக் கட்சி ஆண்டாலும். மீதிப் பாதி உத்தரமேரூர்ச் சுவரில் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை விதிகளில் எனக்குப் பிடித்தது, வாரியத்தில் இருந்து கணக்கு காட்டாதவனுக்கு மட்டுமின்றி அவன் உறவினர்களுக்கும் மறுபடி இடமில்லை என்பது. அந்தச் சபை பிராமணர் ஊர்ச் சபை; எங்கள் காலனித் தெருக்காரர் பெயரை அந்தக் குடத்தில் போட்டிருக்க மாட்டார்கள். விதியை எடுத்துக்கொண்டு குடத்தைப் பெரிதாக்க வேண்டும். சிவன் கோயிலுக்கு எல்லாத் தெருவும் வரி கொடுப்பது, வரி கொடுத்த எல்லாரும் ஓட்டுப் போடுவது, அரசு ஆண்டுக்கு ஒருமுறை வந்து கணக்கைப் பார்த்துவிட்டு, கதவு திறந்திருக்கிறதா என்றும் பார்த்துவிட்டுப் போவது. பஞ்சாபில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் அந்த அமைப்பும் கட்சிகளின் கையில் சிக்கி, 2011க்குப் பின் பொதுத் தேர்தலே நடக்காமல் கிடக்கிறது. தெரிந்தேதான் சொல்கிறேன்.

இதைச் சட்டமாக்க எனக்கு வழியில்லை. அறங்காவலர் குழு கேட்டு மனு எழுதலாம், மனுவில் எல்லாத் தெருப் பெயர்களும் இருக்கட்டும் என்று சொல்லி, போன மாசி மாதம் பள்ளிக்கூட வளாகத்தில் கூட்டம் போட்டோம். குழு அமைந்தால் மாரியம்மன் கோயில்போலச் சிவன் கோயில் கணக்கையும் சபையில் வாசிப்பது என்றேன். காலனித் தெருவிலிருந்து வந்திருந்த மகளிர் குழுத் தலைவி எழுந்தார். "வாசிங்கய்யா. எங்க வச்சு வாசிப்பீங்க?" கோயில் மண்டபத்தில் என்றேன். "ஒரு வருசம் மண்டபத்துல வாசிங்க. மறு வருசம் எங்க தெருச் சாவடிக்கு வந்து வாசிங்க. அப்ப கையெழுத்துப் போடுறோம்." என் பங்காளிகள் இரண்டு பேர் துண்டை உதறிக்கொண்டு வெளியே போனார்கள். பஞ்சாயத்துத் தலைவர் அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்றார். அந்த அம்மா சொன்னதை மனுவின் ஐந்தாம் பத்தியாகச் சேர்த்து எழுதி வைத்திருக்கிறேன். பங்காளிகள் அதை எடுத்தால்தான் கையெழுத்து என்கிறார்கள், அவர் அது இருந்தால்தான் கையெழுத்து என்கிறார்.